98 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை, பாசிட்டிவ் வந்தால் ஐந்தில் ஒருவருக்குத்தான் நோயா?

பாவுநூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் குமாரபாளையத்தில் எட்டுத் தறி வைத்து ஓட்டுகிறேன். வயது 52. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் தடவை தவறி, மறுபடி எழுதி 38 மதிப்பெண்ணில் தேறினேன். அதற்குப் பிறகு கணக்குப் புத்தகம் என்று எதையும் கையில் எடுத்ததில்லை. இப்போது ஒன்றை எடுத்திருக்கிறேன், அதில் ஒரு பக்கத்தில் நான்கு நாளாக நிற்கிறேன்.

எடுத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கம் நடந்த ஒரு மருத்துவ முகாமில் என் மனைவிக்கு மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம், எடுத்தார்கள். அவளுக்கு வலியோ கட்டியோ எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார், துணைக்குப் போனாள். “சந்தேகப்படும்படி ஒன்று தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் ஊசி போட்டு சதை எடுத்து, ரிப்போர்ட் கைக்கு வரும் வரை 19 நாள். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த 19 நாளைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நூல் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து, வைத்தியத்துக்கென்று தனியாக ஒரு பையில் போட்டு வைத்தேன். அவளுக்குத் தெரியாமல்தான் வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

முகாமில் இருந்த ஒருவரிடம் அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான்: “இந்த மெஷின் சொன்னால் சரியாக இருக்குமா?” அவர் “ரொம்பத் துல்லியமான மெஷின்” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 19 நாளும் ஓடியது.

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் இதெல்லாம் கேட்டுவிட்டு, “மாமா, இதைப் படிச்சுப் பாருங்க” என்று ஒரு புத்தகம் கொடுத்தான். ஜான் ஆலன் பாலோஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுதிய ‘இன்னியூமெரசி’, அதாவது கணக்கறிவு இல்லாமை. 1988-இல் வந்தது. கைப்பேசியில் அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி ஷிப்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கிறேன். பத்து லட்சம் வினாடி என்பது பதினொன்றரை நாள்தான், நூறு கோடி வினாடி என்பது கிட்டத்தட்ட 32 ஆண்டு என்ற இடத்தில் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. வானிலை சொல்பவர் ஒருவர் சனிக்கிழமை மழைக்கு 50 சதவீதம், ஞாயிற்றுக்கிழமைக்கு 50 சதவீதம், ஆகவே வார இறுதியில் மழை 100 சதவீதம் என்று சொன்னாராம். அது தப்பு என்று எனக்கே தெரிந்தது.

மாட்டிக்கொண்டது புற்றுநோய்ப் பரிசோதனை வரும் இடத்தில். பரிசோதனை 98 சதவீதம் சரி: நோய் உள்ளவர்களில் 98 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் காட்டும், நோய் இல்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்கு நெகட்டிவ் காட்டும். மக்களில் அரை சதவீதம் பேருக்குத்தான் அந்த நோய். 10,000 பேரைப் பரிசோதித்தால் 50 பேருக்கு நோய், அதில் 49 பேருக்கு பாசிட்டிவ். மீதி 9,950 பேரில் 2 சதவீதம், அதாவது 199 பேருக்கு நோய் இல்லாமலே பாசிட்டிவ். மொத்தம் 248 பாசிட்டிவ், அதில் உண்மையான நோயாளி 49 பேர். ஏறக்குறைய 20 சதவீதம்.

கால்குலேட்டரில் மூன்று முறை போட்டேன். விடை சரியாகத்தான் வருகிறது. மனசு ஏற்க மாட்டேன் என்கிறது. 98 சதவீதம் சரி என்றால், பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க 98 சதவீதம் வாய்ப்பு என்றுதானே அர்த்தம்? மீதி 78 எங்கே போனது?

யாராவது எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். இன்னொன்று: இந்த மனிதர் யார், என்னைப் போன்ற ஆள் இவரைத் தொடர்ந்து படிக்கலாமா? நடுவில் பேஸ்பால் எல்லாம் வருகிறது.

---

செண்பகம்_நெல்லை எழுதியது:

வணக்கம் அண்ணா. அண்ணிக்கு ஒன்றும் இல்லை என்று வந்ததைப் படித்தபிறகுதான் மேலே படித்தேன். நான் திருநெல்வேலியில் ரத்தப் பரிசோதனை லேபில் 22 ஆண்டாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் கவரை நீட்டும்போது எதிரே இருப்பவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அதனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு உண்மையாகவே ஆசை.

கால்குலேட்டரை வைத்துவிடுங்கள். வீட்டில் புளி கொட்டை எடுத்திருந்தால் 200 புளியங்கொட்டை எண்ணிக்கொள்ளுங்கள். 10,000-ஐ 200 ஆகச் சுருக்குகிறோம், அவ்வளவுதான்.

தரையில் பரப்புங்கள். 200 பேர், எல்லோரும் அண்ணியைப் போல வலி, கட்டி எதுவும் இல்லாமல் முகாமுக்கு வந்தவர்கள். அரை சதவீதம் பேருக்கு நோய் என்றால் 200-இல் ஒரே ஒரு ஆள். ஒரு கொட்டையை எடுத்து, தாயம் விளையாட உரசுவோமே அதுபோல ஒரு பக்கம் வெள்ளை தெரிகிற வரை கல்லில் உரசிவிட்டு, வெள்ளை கீழே இருக்கும்படி வையுங்கள். அவர்தான் நோயாளி. வெளியே பார்த்தால் தெரியாது.

இப்போது மெஷின் வருகிறது. அந்த ஒருவரைக் கிட்டத்தட்ட நிச்சயமாகப் பிடித்துவிடும். அவரை எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள். மீதி 199 பேர் நல்ல உடம்புக்காரர்கள். அவர்களில் 100-க்கு 2 பேர் என்று மெஷின் தவறாகக் கூப்பிடும். 199-க்கு நான்கு பேர். அந்த நான்கையும் கிண்ணத்தில் போடுங்கள்.

கிண்ணத்தில் ஐந்து கொட்டை. புரட்டிப் பாருங்கள், ஒன்றில்தான் வெள்ளை.

உங்கள் 78 எங்கும் போகவில்லை அண்ணா. 98 என்பது வேறு கேள்விக்கான விடை. “நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை மெஷின் பிடிக்கும்?” என்று கேட்டால் 98. “மெஷின் பிடித்தவர்களில் எத்தனை பேருக்கு நோய்?” என்று கேட்டால் 20. இரண்டும் ஒன்று போலக் காதில் விழும். உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். குமாரபாளையத்தில் நிறையப் பேர் தறித் தொழில்காரர்கள். அதற்காகத் தறித் தொழில் செய்கிறவர்களில் நிறையப் பேர் குமாரபாளையத்துக்காரர்கள் என்று சொல்வீர்களா? பள்ளிபாளையம், பல்லடம், சோமனூர் எல்லாம் எங்கே போவது? ஊரைச் சொல்லித் தொழிலைக் கேட்பது ஒரு கேள்வி, தொழிலைச் சொல்லி ஊரைக் கேட்பது இன்னொரு கேள்வி. நல்ல உடம்புக்காரர்களின் கூட்டம் மிகப் பெரியது. அதில் 2 சதவீதம் என்பதே, சின்ன நோயாளிக் கூட்டத்தை முழுங்கிவிடுகிற அளவுக்கு இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே ஒரு விதி சொன்னார்கள்: ஹெச்ஐவிக்கு முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாத ஆளாக இருந்தால் வேறு முறையில் வேலை செய்கிற இரண்டாவது கிட், அதன் பிறகு மூன்றாவது கிட், மூன்றிலும் வந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும். நம் நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நடைமுறை அது. எட்டு ஆண்டு நான் அதை விதியாகவே செய்தேன், காரணம் தெரியாமல். ஒரு தடவை ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதல் கிட் கோடு காட்டிவிட்டது. மாமியார் வெளியே நின்றுகொண்டு “என்னம்மா ஆச்சு, ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் “ரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும்” என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் நெகட்டிவ். அன்றைக்கு நான் உளறியிருந்தால் அந்தப் பெண்ணின் வீடு என்னவாகியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பாலோஸின் அந்தப் பக்கத்தைப் பின்னாளில் படித்தபோதுதான் விதிக்குப் பின்னால் இருந்த கணக்கு தெரிந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள். அந்த 248 பேரை மட்டும் மறுபடி கூப்பிட்டு, வேறு முறையில் நடக்கும் இன்னொரு 98 சதவீதப் பரிசோதனை செய்வதாக வையுங்கள். நோய் உள்ள 49 பேரில் 48 பேருக்கு மறுபடி பாசிட்டிவ். நோய் இல்லாத 199 பேரில் வெறும் 4 பேருக்கு மறுபடி பாசிட்டிவ். மொத்தம் 52, அதில் 48 பேர் உண்மையான நோயாளிகள். 20 சதவீதம் ஒரே தாவில் 92 ஆகிவிட்டது. இரண்டாவது பரிசோதனை, முதலாவது ஏமாந்த அதே காரணத்தால் ஏமாறக் கூடாது என்பது முக்கியம். அதனால்தான் அதே கிட்டை மறுபடி போடாமல் வேறு கிட் போடுகிறோம். அண்ணிக்கு ஊசி போட்டுச் சதை எடுத்ததும் இதற்காகத்தான். படத்தில் நிழல் தெரிந்ததா என்று மறுபடி படம் எடுக்கவில்லை, சதையையே எடுத்துப் பார்த்தார்கள்.

கண்டிப்பாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. 98, அரை சதவீதம் என்பதெல்லாம் பாலோஸ் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். மேமோகிராமின் எண்கள் வேறு, அவை வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். கட்டியோ வேறு அறிகுறியோ தெரிந்து வருகிறவர் இந்த 200 கொட்டைக் கூட்டத்தைச் சேர்ந்தவரே அல்ல, அவர் கூட்டத்தில் நோயாளிகள் இன்னும் அதிகம். யாராவது இதைப் படித்துவிட்டு “ஐந்தில் ஒன்றுதானே” என்று அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. கிண்ணத்தில் ஒரு வெள்ளைக் கொட்டை இருக்கிறது. நெகட்டிவ் வந்தவர்கள் பக்கத்தைப் பாருங்கள்: 10,000-இல் 9,752 பேருக்கு நெகட்டிவ், அதில் நோய் தப்பிப்போனது ஒரே ஒருவருக்கு. பரிசோதனை வீண் இல்லை. பாசிட்டிவ் என்ற சொல்லுக்கு “இனி கவனமாகப் பார்க்க வேண்டியவர்” என்று பொருள் வைத்துக்கொண்டால் போதும்.

முகாமில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் 19 நாள் இவ்வளவு கனத்திருக்காது. எனக்கு அதுதான் வருத்தம். இப்போதெல்லாம் எங்கள் லேபில் இப்படிப்பட்ட ரிப்போர்ட் கொடுக்கும்போது, எனக்கு அனுமதி உள்ள அளவுக்கு நான் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் அந்தக் கணக்கில் சொல்ல எதுவும் இல்லை. நான் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

பாலோஸ் 1945 ஜூலை 4-ஆம் தேதி டென்வரில் பிறந்தவர். சிகாகோவிலும் மில்வாக்கியிலும் வளர்ந்தார். 1974-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கணிதப் பேராசிரியராக இருந்தார். நீங்கள் வைத்திருக்கும் புத்தகம் வந்தபோது அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் பல வாரம் இருந்தது. கணக்கைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு அது பெரிய விஷயம். 1995-இல் செய்தித்தாளைக் கணக்குக் கண்ணோடு படிப்பது பற்றி ஒரு புத்தகம், 2003-இல் பங்குச்சந்தை பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

எனக்குப் பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை. அதனால் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் வரும் கடிதக் கதையைத் தவறவிடாதீர்கள் என்பேன். ஒருவன் 32,000 பேருக்குக் கடிதம் போடுகிறான். பாதிப் பேருக்கு அடுத்த வாரம் சந்தை ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும். எது நடந்தாலும் 16,000 பேருக்கு அவன் சொன்னது பலித்துவிடும். தவறாகப் போனவர்களை விட்டுவிட்டு அந்த 16,000 பேரை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறான். இப்படி ஆறு வாரம். கடைசியில் 500 பேர் கையில் தொடர்ந்து ஆறு முறை பலித்த ஆரூடம் இருக்கும். ஏழாவது கடிதம் வேண்டுமென்றால் 500 டாலர் அனுப்பு என்கிறான். எல்லோரும் கொடுத்தால் 2,50,000 டாலர். அவனுக்குச் சந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்றவர், கைப்பேசிக் குழு ஒன்றைக் காட்டி “தம்பி, இவன் சொன்னது அஞ்சு தடவ அப்படியே நடந்துச்சு” என்றார். நான் 32-லிருந்து ஆரம்பித்து ஒரு தாளில் வரைந்து காட்டினேன். 32, 16, 8, 4, 2, 1. “அந்த ஒருத்தர் நீங்க, மீதி 31 பேரும் உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க ஐயா” என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

2003 புத்தகத்தை நான் மதிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. இப்படியெல்லாம் ஊருக்குச் சொன்ன பாலோஸ், 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்கை 47 டாலருக்கு வாங்கினார். விலை இறங்கியது. இன்னும் வாங்கினார். எங்கள் தொழிலில் இதை ‘ஆவரேஜ் பண்ணுவது’ என்போம். மேலும் இறங்கியது, மேலும் வாங்கினார். கடைசியில் பெரும் நஷ்டம். 2002 ஜூனில் அந்த நிறுவனம் 380 கோடி டாலர் அளவுக்குக் கணக்கைத் திரித்திருந்தது வெளியே வந்தது, ஜூலையில் திவால் மனு. இதையெல்லாம் அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தனக்குச் சாதகமான செய்தியை மட்டும் தேடிப் படித்ததையும், முதலில் வாங்கிய விலையை மனசு விட மறுத்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஒரு கணிதப் பேராசிரியர் தன் பெயரைப் போட்டு இதை எழுத நெஞ்சுறுதி வேண்டும். அதனால்தான் அவர் சொல்வதை நான் நம்பிப் படிக்கிறேன்.

பேஸ்பால் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள் அண்ணா, நமக்கு அது தேவையில்லை.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

தம்பி மேட்டுத்தெரு சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேஸ்பால் வரும் இடங்களில் ஒன்றை மட்டும் தாண்டவே கூடாது. 31 ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்.

பாலோஸ் பத்து வயதுப் பையனாக இருந்தபோது நடந்தது. பேஸ்பாலில் பந்து எறிபவர் எவ்வளவு ஓட்டம் கொடுக்கிறார் என்பதை ஒன்பது இன்னிங்ஸுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். மில்வாக்கி அணியின் புது ஆள் ஒருவர் ஒரே ஒரு அவுட்தான் எடுத்தார், அதற்குள் ஐந்து ஓட்டம் கொடுத்துவிட்டார். ஒரு அவுட்டுக்கு ஐந்து என்றால் ஒரு இன்னிங்ஸுக்கு 15, ஒன்பது இன்னிங்ஸுக்கு 135. பையன் இதைப் போட்டு வாத்தியாரிடம் சொன்னான். வகுப்புக்கு விளக்கச் சொன்னார். கூச்ச சுபாவம், முகமெல்லாம் சிவந்து குரல் நடுங்கச் சொல்லி முடித்தான். “எல்லாம் தப்பு, உட்கார். இந்த எண் 27-ஐத் தாண்டாது” என்றார் வாத்தியார். பருவம் முடிந்ததும் செய்தித்தாளில் எல்லா ஆட்டக்காரர்களின் சராசரியும் வந்தது. அந்த ஆள் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அவர் பெயருக்கு எதிரே 135. பையன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். வாத்தியார் முறைத்துவிட்டு மறுபடி “உட்கார்” என்றார்.

கணக்கு தன்னைக் காப்பாற்றும் என்று அன்றைக்குத் தோன்றியதாக பாலோஸ் எழுதுகிறார். பெரியவர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நிரூபித்துக் காட்டலாம், ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று.

நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவன் பின்னக் கணக்கை என் வழியில் இல்லாமல் வேறு வழியில் போட்டுவிட்டு நின்றான். விடை சரி. எனக்கு அவன் வழி உடனே பிடிபடவில்லை, பாடம் முடிக்கிற அவசரம் வேறு. “முறைப்படி போடு, உட்கார்” என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு வகுப்பில் கை தூக்கவே இல்லை. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து அவன் வழியைப் போட்டுப் பார்த்தேன், அழகான வழி. மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாவுநூல் ஐயா, நீங்கள் 38 மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே எழுதியதைப் பார்த்ததும் அவன் முகம்தான் வந்தது. நான்கு நாள் ஒரே பக்கத்தில் நின்று “விடை சரி, மனசு ஏற்கவில்லை” என்று கேட்கிறவருக்கு 38 போட்டது அந்தப் பரீட்சையின் குறை.

புத்தகத்தில் எனக்குக் குறை ஒன்று உண்டு. கணக்குத் தெரியாதவர்களைப் பற்றிப் பேசும்போது பாலோஸ் சில இடங்களில் பொறுமை இழக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாததை மறைக்கிறவர்கள் கணக்கு வராததை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கோபப்படுகிறார். அது அவர் பார்த்த படித்த கூட்டத்துக்குப் பொருந்தும். நம் வகுப்பறையில் “எனக்குக் கணக்கு வராது சார்” என்ற பிள்ளைகளிடம் நான் பெருமையைப் பார்த்ததில்லை, பயத்தைத்தான் பார்த்தேன். நியூமெரசி என்ற சொல்லே 1959-இல் இங்கிலாந்தில் க்ரௌதர் அறிக்கை என்ற கல்வி அறிக்கையில்தான் வந்தது. எண்ணறிவு என்று நாம் சொல்லலாம். எழுத்தறிவைப் போல அதுவும் எல்லோருக்கும் உரியது என்பதுதான் அந்தச் சொல்லின் நோக்கம்.

இன்னும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது பிறந்தநாள் கணக்கு. 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கும் சற்று மேலான வாய்ப்பு. இதை யாரோ ஒருவர் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளக்க, கார்சன் நம்பாமல், அரங்கில் இருந்த 120 பேரிடம் தன் பிறந்தநாளும் யாருக்காவது உண்டா என்று கேட்டாராம். ஒருவர்கூட இல்லை. எப்படி இருக்கும்? “யாராவது இருவருக்கு” என்பது வேறு, “என்னோடு ஒருவருக்கு” என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட நாளுக்கு 120 பேரில் ஒருவராவது கிடைக்க 28 சதவீதம்தான் வாய்ப்பு. பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 253 பேர் வேண்டும். செண்பகம் அம்மா சொன்னாரே, ஒன்று போலக் காதில் விழும் இரண்டு கேள்விகள் என்று, இதுவும் அந்த வகைதான்.

இரண்டாவது, ஆபத்தை அளக்க அவர் சொன்ன ஒரு அளவுகோல். ஆண்டுக்குப் பத்துப் பேரில் ஒருவரைக் கொல்வதற்கு எண் 1, நூறில் ஒருவர் என்றால் 2, ஆயிரத்தில் ஒருவர் என்றால் 3. எண் பெரிதாகப் பெரிதாகப் பாதுகாப்பு அதிகம். அன்றைய அமெரிக்காவில் ஆண்டுக்கு 5,300 பேரில் ஒருவர் கார் விபத்தில் இறந்தார், அதனால் காருக்கு 3.7. புகைபிடிப்பது 800-இல் ஒருவர், 2.9. நிலநடுக்கத்தின் அளவை ரிக்டரில் சொல்வது போல இதைச் செய்தியில் சொல்லிப் பழக்கலாம் என்று ஆசைப்பட்டார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

வினாடிக் கணக்கு பிடித்தது என்றீர்கள். நம் செய்தியில் தினமும் வரும் ‘லட்சம் கோடி’யை அதில் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் வினாடி 28 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கோடி வினாடி நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு லட்சம் கோடி வினாடி ஏறக்குறைய 31,700 ஆண்டு. பட்ஜெட் செய்தி வரும்போது இதை என் பேத்தியோடு செய்து பார்ப்பேன்.

---

பாவுநூல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை என் மகளுக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு அன்றைக்கு 38 போட்டவர்மேல் கோபம் எதுவும் இல்லை. உங்கள் மாணவன் எங்கேயாவது இதைப் படிக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறேன்.

செண்பகம் சகோதரி, நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை, தறி நின்றுவிட்டது. மனைவி போன மாதம் புளி தட்டியதில் கொட்டை ஒரு டப்பா நிறைய இருந்தது. 200 எண்ணித் திண்ணையில் பரப்பினேன். ஒன்றை உரசினேன். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துச் சொன்னேன். இது நோய் உள்ள ஆள், இது முகாம், இது மெஷின், இந்த நான்கு பேர் தவறாகப் பிடிபட்டவர்கள். கிண்ணத்தில் ஐந்து விழுந்ததும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான்கு நாள் கால்குலேட்டரில் பார்த்தும் புரியாதது. துணியில் குறை பார்க்கும்போதும் இதுதான் நடக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நல்ல துணி மலைபோல இருக்கும் இடத்தில் கண்டிப்பான ஆளை மடிப்புப் பார்க்க உட்கார வைத்தால், அவர் ஒதுக்குவதில் பாதிக்கு மேல் நல்ல துணியாகவே இருக்கும். அதனால்தான் ஒதுக்கியதை நான் மறுபடி ஒருமுறை பார்ப்பேன். என் கையில் இருந்த கணக்குதான், எனக்கு அது கணக்கு என்று தெரியவில்லை.

அதையெல்லாம் நான் அவளுக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வெள்ளைக் கொட்டையை எடுத்துத் தனியாக வைத்தாள். மீதி நான்கையும் உள்ளங்கையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

“ஏனுங்க, இந்த நாலு பேரும் எத்தன ராத்திரி தூங்காம கெடந்திருப்பாங்க?”